கானோவிலும் தாஷ்கண்டிலும் ஓடிய நம் படப்பெட்டிகள்: புனே திரைப்படக் காப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்

புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தின் பொறுப்பாளர்களுக்கும், அதை இப்போது நடத்திவரும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தாருக்கும் வணக்கம்.

இந்தி சினிமாவின் வரலாற்றில் பெரிய பங்கு இந்தியாவுக்கு வெளியே நடந்திருக்கிறது. மாஸ்கோ, உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட், நைஜீரியாவின் கானோ, ஏதென்ஸ், இஸ்தான்புல், காபூல், பெய்ஜிங் என்று அந்த ஊர்களின் பட்டியல் நீளம். இந்தி ஒரு வார்த்தை தெரியாதவர்கள் அங்கெல்லாம் தியேட்டர்களை நிரப்பினார்கள், அழுதார்கள், பாட்டைக் கற்றுக்கொண்டு பாடினார்கள், பிள்ளைகளுக்கு நம் நடிகர்களின் பெயரை வைத்தார்கள். அந்த வரலாற்றைத் தேடிப் போகிற ஒரு சாதாரணப் பார்வையாளனுக்கு இன்று கிடைப்பது உதிரி உதிரியான செய்திகள் மட்டும்தான். அவற்றையெல்லாம் சேர்த்து வைக்க உங்கள் காப்பகத்தில் ஒரு தனிப் பிரிவைத் தொடங்குங்கள் என்று கேட்கவே இந்த மடல். படங்களை நேரில் பார்த்தவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அதனால்தான் இதை இப்போதே கேட்கிறேன்.

நான் தமிழன். இந்தி எனக்குப் பேச வராது. தமிழ்நாட்டில் பலரும் பார்த்ததைப் போலத்தான் நானும் இந்திப் படங்களைப் பார்த்து வளர்ந்தேன், வசனம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும். 1965-இல் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தெருவில் இறங்கிய அதே தமிழ்நாட்டில்தான், 1969-இல் வந்த ‘ஆராதனா’ சென்னையில் மாதக்கணக்கில் ஓடியது. இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. ஒரு மொழியைச் சட்டம் போட்டுப் படிக்கச் சொல்வது வேறு, பிடித்த பாட்டுக்காக டிக்கெட் எடுப்பது வேறு. கானோவில் ஹௌசா மொழி பேசும் ஒரு பையனும் தாஷ்கண்டில் ஓர் உஸ்பெக் பாட்டியும் ராஜ் கபூரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது ஓரளவு எங்களுக்குத் தெரியும். மொழி புரியாத படத்தில் மனம் தோய்ந்தவர்கள்தானே நாங்களும்.

சோவியத் நாட்டிலிருந்து தொடங்குகிறேன். 1954-இல் அங்கே இந்தியத் திரைப்பட விழா நடந்தது. ராஜ் கபூர், நர்கிஸ், பால்ராஜ் சாஹ்னி, பிமல் ராய், கே.ஏ. அப்பாஸ், தேவ் ஆனந்த் ஆகியோரெல்லாம் போயிருந்தார்கள். விழாவில் காட்டிய படங்களில் ‘தோ பீகா ஜமீன்’ விமர்சகர்களின் மதிப்பைப் பெற்றது. மக்களின் மனதைப் பிடித்தது ராஜ் கபூரின் ‘ஆவாரா’. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆளை இழக்காத வீடு அரிது. ஸ்டாலின் இறந்து ஓராண்டு கடந்திருந்தது. அதுவரை திரையில் டிராக்டரையும் போர்வீரனையும் பார்த்துப் பழகிய மக்கள் முன்னால், கிழிந்த கோட்டும் சிரித்த முகமுமாக ஒருத்தன் வந்து ‘நான் ஒரு நாடோடி’ என்று பாடினான். தகப்பனால் கைவிடப்பட்ட பிள்ளை, பிறப்பை வைத்து ஒருவனைக் குற்றவாளி என்று தீர்மானிக்கும் நீதிபதி, அவனை நம்பும் ஒரு பெண். இவ்வளவு போதுமாக இருந்தது. 6 கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன.

அது ஒரே ஒரு படத்தோடு முடிந்த மோகம் இல்லை. 1970-களில் ‘பாபி’, 1980-களில் ‘டிஸ்கோ டான்சர்’ ஆகிய இரண்டும் அங்கே 6 கோடிப் பார்வையாளர்களைத் தாண்டின. ‘சீதா ஔர் கீதா’ 5 கோடியைக் கடந்தது. 1954-க்கும் 1991-க்கும் இடையில் சுமார் 200 இந்தியப் படங்கள் சோவியத் தியேட்டர்களுக்குப் போயின, பெரும்பாலானவை இந்தி. இந்த வரலாற்றில் நம் ஊர்ப் பெண்களின் முகங்களும் உண்டு. அப்பாஸும் சோவியத் இயக்குநர் வசீலி புரோனினும் சேர்ந்து 1957-இல் எடுத்த ‘பர்தேசி’யில் நர்கிஸோடு பத்மினியும் நடித்தார். ‘சங்கம்’ படத்தின் வைஜயந்திமாலாவும், இரட்டை வேடத்தில் வந்த ஹேமமாலினியும் அந்த ரசிகர்களுக்கு வீட்டுப் பெண்கள் மாதிரி.

சோவியத் விமர்சகர்கள் பலருக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. மிகையான அழுகை, நம்ப முடியாத கதை என்று எழுதினார்கள். பத்திரிகைகளுக்கு வாசகர்கள் கடிதம் எழுதிச் சண்டை போட்டார்கள். அந்தக் கடிதங்களையும் பழைய ரசிகர்களின் நினைவுகளையும் தேடிச் சேர்த்து ஆராய்ந்தவர் சுதா ராஜகோபாலன். ஒரு தனி ஆய்வாளர் தன் உழைப்பில் செய்த வேலை அது. அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் இருந்தது, வருத்தமும் இருந்தது. இது ஓர் அரசுக் காப்பகம் ஆள் வைத்து, ஊர் ஊராகப் போய்ச் செய்திருக்க வேண்டிய வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே வசனத்தை ரஷ்ய மொழியில் டப் செய்துவிட்டுப் பாடல்களைப் பெரும்பாலும் இந்தியிலேயே விட்டார்கள். பாட்டைக் காதால் கேட்டு, தங்கள் எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தோம் என்று அந்தத் தலைமுறையினர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த நோட்டுப் புத்தகங்கள் இன்று எங்கே இருக்கும்? பாதி பரணில் இருக்கும், பாதி குப்பைக்குப் போயிருக்கும். ராஜ் கபூருக்கு ரஷ்ய மொழியில் குரல் கொடுத்தவரின் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கோடிக்கணக்கானவர்கள் ராஜ் கபூரின் வாயிலிருந்து கேட்டது அந்தக் குரலைத்தான். அதுவும் இந்தி சினிமாவின் வரலாறுதான்.

அடுத்து கானோ. நைஜீரியாவின் வடபகுதியில் உள்ள பழைய வணிக நகரம், ஹௌசா மொழி பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இடம். இந்திய வம்சாவளியினர் கூட்டமாக வாழும் ஊர் அல்ல. அங்கே 1950-களில் லெபனான் நாட்டு விநியோகஸ்தர்கள் இந்திப் படப்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ‘மதர் இந்தியா’ வெளியாகிப் பல பத்தாண்டுகள் கழித்தும் அங்கே தியேட்டரை நிறைத்தது என்று பிரையன் லார்கின் என்ற மானுடவியலாளர் பதிவு செய்திருக்கிறார். 1990-களில் கானோவில் தங்கி ஆய்வு செய்தவர் அவர். டப்பிங்கும் கிடையாது. அடுத்து என்ன வசனம் வரும் என்று தெரிந்து வைத்திருந்த கூட்டம் அது. நம் நடிகர்களுக்கு ஹௌசாவில் செல்லப் பெயர்கள்கூட உண்டு.

ஏன் பிடித்தது? ஹாலிவுட் படத்தில் தாய் தகப்பனைக் கேட்காமல் காதலித்து, கேட்காமல் மணந்து, கேட்காமல் பிரிகிறார்கள். இந்திப் படத்தில் காதலிக்கிற பையன் அப்பாவுக்குப் பயப்படுகிறான். பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயம் செய்கிறார்கள். அம்மா நடுவில் நின்று அழுகிறாள். பெரியவர்கள் சொல்லுக்கும் தன் மனதுக்கும் நடுவில் ஒரு தலைமுறையே அல்லாடிக்கொண்டிருந்த ஊருக்கு இது தன் வீட்டுக் கதையாகப் பட்டது. தலையை மூடும் முந்தானை, கூட்டுக் குடும்பம், நகரத்துக்குப் போய்க் கெட்டுப்போகும் தம்பி எல்லாம் அவர்களுக்குப் பழக்கமானவை. வெள்ளைக்காரனைப் போல மாறாமலே நவீனமாக வாழலாம் என்று இந்தப் படங்கள் காட்டின என்பது லார்கினின் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. கலாச்சாரத் தூதரகம் எதுவும் போய்ச் சொல்லிக் கொடுக்காமல் அந்த மக்கள் தாங்களாகவே கண்டுகொண்ட ஒற்றுமை இது.

அவர்கள் பார்த்ததோடு நிற்கவில்லை. பண்டிரி என்ற பறையை அடித்துப் பாடும் சூஃபி அடியார்கள், இந்திப் பட மெட்டுகளில் நபியைப் புகழும் ஹௌசாப் பாடல்களை அமைத்தார்கள். 1950-களில் இந்தி மெட்டுக்குத் தமிழ் வரி எழுதிய நம் பாடலாசிரியர்களுக்கு அது அந்நியமாகத் தெரிந்திருக்காது. கானோ சந்தையில் விற்ற மலிவு விலைக் காதல் கதைப் புத்தகங்களில் இந்திப் படத்தின் சாயல் ஏறியது. 1990-களில் அங்கே தொடங்கிய ஹௌசா வீடியோ படத்தொழிலுக்குக் கன்னிவுட் என்று பெயர். ஆணும் பெண்ணும் மரத்தைச் சுற்றிப் பாடி ஆடும் பாட்டு அந்தப் படங்களில் நிலைத்துவிட்டது. இந்தியாவைக் காப்பியடிக்கிறார்கள், நம் பண்பாடு கெடுகிறது என்று அங்கே உள்ள மதப் பெரியவர்கள் கண்டித்தார்கள். 2001-இல் கானோ மாநிலத்துக்கென்று தனித் தணிக்கை வாரியமே வந்தது. ஒரு நாட்டு மக்கள் தங்கள் பண்பாடு எது என்று விவாதிக்கும்போது நடுவில் நம் சினிமா நிற்கிறது. இது எவ்வளவு பெரிய செய்தி! மும்பையில் வெளிநாட்டு வசூல் என்று கணக்குப் போடும் அட்டவணையில் கானோ வருவதே இல்லை, ஏனென்றால் அங்கே பாதிப் பேர் பார்த்தது நகல் கேசட்டில். கணக்கில் வராதவர்களையும் வரலாற்றில் சேர்க்க முடிந்த இடம் காப்பகம்தான்.

கிரேக்கக் கதை பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் கிராமத்தை விட்டு ஏதென்ஸுக்கும் தெசலோனிக்கிக்கும் பிழைக்க வந்த ஏழைகள், அவர்களுக்கு முன்பே ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கி) அகதிகளாக வந்த குடும்பங்கள், இவர்களெல்லாம் இந்திப் படங்களைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். நர்கிஸ் அவர்களுக்குத் தாய், சகோதரி, எல்லாம். கிரேக்க இசையமைப்பாளர்கள் இந்தி மெட்டுகளை எடுத்துக் கிரேக்க வரிகளைப் போட்டுப் பாட்டாக்கினார்கள். புகழ்பெற்ற பாடகர் ஸ்டெலியோஸ் கசான்ட்சிதிஸ் 1959-இல் பாடிய ‘மந்துபாலா’ மதுபாலாவின் பெயரைத் தலைப்பாகக் கொண்டது. மெட்டு ‘ஆவாரா’ படத்துப் பாட்டின் மெட்டு. கிரேக்கப் பாட்டு என்றே நினைத்து அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. எந்தெந்தப் பாட்டு எந்தப் படத்திலிருந்து போனது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியலிட்டவர்கள், கிரேக்கர்களான இரண்டு ஆர்வலர்கள்.

மற்ற ஊர்களை வேகமாகச் சொல்கிறேன். துருக்கியில் ‘ஆவாரா’ அவர்கள் மொழியிலேயே 1964-இல் மறுபடி எடுக்கப்பட்டது. ஆப்கானிஸ்தானில் ‘குதா கவா’ படப்பிடிப்பு நடந்தது உள்நாட்டுப் போர்க் காலத்தில். அமிதாப் பச்சனுக்கும் குழுவுக்கும் பாதுகாப்பு கொடுத்தது அந்நாட்டு அரசு. பாகிஸ்தானில் 1965 போருக்குப் பிறகு சுமார் நாற்பது ஆண்டுகள் தியேட்டரில் இந்திப் படம் கிடையாது, ஆனாலும் வீடியோ கேசட் வந்த நாள் முதல் பாட்டும் வசனமும் வீடு வீடாகப் போயின. இலங்கையில் கொழும்பிலிருந்து ஒலித்த ரேடியோ சிலோன், 1952 முதல் அமீன் சயானியின் குரலில் இந்திப் பாடல்களைத் தெற்காசியா முழுவதற்கும் கொண்டுபோனது. ஆல் இந்தியா ரேடியோ திரைப்பாடலை ஒதுக்கி வைத்த காலம் அது. ஒவ்வொன்றும் தனியாக எழுத வேண்டிய கதை.

ஜெர்மனியையும் சீனாவையும் பற்றி உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும், அண்மைக் காலத்தவை. 2004-இல் ஒரு ஜெர்மன் தொலைக்காட்சி ‘கபி குஷி கபி கம்’ படத்தை ஜெர்மனில் டப் செய்து ஒளிபரப்பியது. அதன் பிறகு ஷாருக் கானுக்கு அங்கே உருவான ரசிகைகள் கூட்டத்தை 2008-இல் பெர்லின் திரைப்பட விழாவே கண்டது. சீனாவில் 1950-களில் ஒரு முறையும், பண்பாட்டுப் புரட்சி ஓய்ந்தபின் 1970-களின் இறுதியில் இன்னொரு முறையுமாக ‘ஆவாரா’ இரண்டு தலைமுறைகளைத் தொட்டது. 2017-இல் ‘தங்கல்’ வந்தபோது 120 கோடி யுவானுக்கு மேல் வசூலானது. இந்தியாவில் அந்தப் படம் ஈட்டியதைவிட இருமடங்குக்கும் அதிகம். பத்திரிகைகள் எல்லாம் அப்போது சீனச் சந்தை என்று எழுதின. பிள்ளைகளை விரட்டி விரட்டிப் படிக்க வைக்கும் சீனப் பெற்றோரும், அப்படி வளர்ந்த மகள்களும் அந்த மல்யுத்தத் தகப்பனைப் பார்த்து என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. அவர்கள் இணையத்தில் எழுதியதில் கொஞ்சத்தையாவது இப்போதே சேமிக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

முதலில், உங்கள் கைவசமே இருக்க வேண்டியதைத் தேடுங்கள். இந்தியப் படங்களை வெளிநாட்டுக்கு விற்க அந்தக் காலத்தில் இந்தியத் திரைப்பட ஏற்றுமதிக் கழகம் என்று ஒன்று இருந்தது. 1980-இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்தது. 2022-இல் உங்கள் காப்பகமும் அதே கழகத்தின்கீழ் வந்தது. ஆக, ஏற்றுமதிக் கழகத்தின் கடிதங்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் கணக்குப் புத்தகங்களுக்கும் இப்போது வாரிசு நீங்கள்தான். எந்தப் படம் எந்த நாட்டுக்கு என்ன விலைக்குப் போனது, எத்தனை பிரிண்ட், எவ்வளவு வெட்டினார்கள் என்பதெல்லாம் அந்தக் கோப்புகளில் இருக்கும். எங்கேனும் ஓர் அலுவலக அறையில் கட்டுக் கட்டாகக் கிடந்தால் எடுத்துத் தூசி தட்டி, ஆய்வாளர்களும் பொதுமக்களும் பார்க்கும்படி வையுங்கள். தொலைந்துவிட்டன என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அப்புறம் படச்சுருள்கள். வெளிநாட்டுக் காப்பகங்களில் நம் படங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. 1919-இல் கல்கத்தாவில் எடுத்த ‘பில்வமங்கள்’ மௌனப் படத்தில் மிஞ்சிய பகுதி பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தில் இருந்ததை அறிந்து, 2016-இல் அதன் நகலைப் பெற்றுக் கொண்டுவந்தது நீங்களேதான். அதே முயற்சியை மாஸ்கோவுக்கு அருகே உள்ள கோஸ்ஃபில்மோஃபாண்ட் காப்பகத்தோடும், தாஷ்கண்ட், பெய்ஜிங், ஏதென்ஸ் ஆகிய ஊர்களின் காப்பகங்களோடும் செய்யுங்கள். டப் செய்த பிரிண்ட், வெட்டிச் சுருக்கிய பிரிண்ட் எதுவானாலும் பரவாயில்லை. இங்கே நெகடிவ் கெட்டுப்போன ஒரு படத்தின் நல்ல வண்ணப் பிரதி அங்கே குளிர்ந்த அறையில் பத்திரமாக இருக்கலாம். கூடவே போஸ்டர்கள், பாட்டுப் புத்தகங்கள், டப்பிங் ஸ்கிரிப்டுகள், குரல் கொடுத்தவர்களின் பெயர்கள்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது மனிதர்களின் நினைவு. மூத்த திரைக்கலைஞர்களிடம் எடுத்த ஒலிப்பேட்டிகளை நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள். நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் கொடுத்த அதே மதிப்பைப் பார்வையாளர்களுக்கும் கொடுங்கள். கானோவில் படம் ஓட்டிய ஆபரேட்டர், தாஷ்கண்டில் டிக்கெட் கிழித்த பெண், ஏதென்ஸில் நர்கிஸுக்காக அழுத தையல் தொழிலாளி, பெரு நாட்டின் லிமாவில் இந்திப் பாட்டுக்கு நடனம் கற்றுக் கொடுப்பவர். இவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்ய ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் உள்ளூர் மொழி தெரிந்த மாணவர்களும் போதும். படத்தை மீட்டெடுக்க ஆகும் செலவில் சிறு துளிகூட இதற்கு ஆகாது.

இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வையே காப்பாற்ற முடியாத நாடு, 2003-இல் புனேயில் தீப்பிடித்து, எளிதில் எரியும் பழைய நைட்ரேட் சுருள்களை இழந்த காப்பகம், முதலில் உள்நாட்டுப் படங்களைப் பார்க்கட்டுமே என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கவலை. ஆனால் படச்சுருளைக் குளிர்ந்த அறையில் வைத்து நாள் கடத்தலாம், எண்பது வயதுக்காரரின் நினைவை அப்படி வைக்க முடியாது. தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்துக்கு 597 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதில் ஓர் ஓரத்தை இதற்கு ஒதுக்கினால் போதும்.

இந்திக்கு மட்டும் ஏன், தமிழுக்கும் பிற மொழிகளுக்கும் வேண்டாமா என்று என் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். 1998-இல் டோக்கியோவில் ‘முத்து’ ஓடியதை நேரில் பார்த்த ஜப்பானியர்களிடமும் பேச வேண்டும், யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களிடமும் பேச வேண்டும். 1950-களில் வெளிநாட்டில் இந்திப் படம் பார்த்தவர்களின் எண்ணிக்கை மிகப் பெரியது, அவர்கள் வயதும் மிக அதிகம். அதனால் அங்கே தொடங்கச் சொல்கிறேன். அதில் கற்றுக்கொள்ளும் முறை எல்லா மொழிக்கும் பயன்படும்.

தாஷ்கண்டில் முதலில் செய்து பாருங்கள் என்பது என் யோசனை. அங்கே லால் பகதூர் சாஸ்திரி பெயரில் இந்தியப் பண்பாட்டு மையம் இயங்குகிறது, இந்தி படிக்கும் உஸ்பெக் மாணவர்கள் இருக்கிறார்கள். 1968 முதல் அந்த நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாக்களில் நம் கலைஞர்களைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆறு மாதம் வேலை செய்து, கிடைத்த பேட்டிகளையும் போஸ்டர்களையும் புனேயில் ஒரு கண்காட்சியாக வையுங்கள். பிறகு கானோ. அங்கே வேலையைத் தொடங்க நைஜீரியப் பல்கலைக்கழகங்களில் கன்னிவுட் பற்றி ஆராய்பவர்களின் உதவி கிடைக்கும்.

ஏற்றுமதிக் கழகத்தின் கோப்புகள் இருக்கின்றனவா, இல்லையா? குறைந்தபட்சம் இந்த ஒரு கேள்விக்காவது உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு பார்வையாளன்